51 செண்டிமீட்டரில் நின்றுகொண்டேன்: எபிக் வி8 ப்ரோ சர்ஃப் ஸ்கீ

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று இரண்டு படகு வைத்துக்கொள்ள இடமும் பணமும் இல்லாதவர்கள், அகலமான தொடக்கநிலைப் படகில் பழகி முடித்து இனி வேகம் வேண்டும் என்று துடிக்கிறவர்கள், எபிக் நிறுவனத்தின் வி8 ப்ரோ என்ற சர்ஃப் ஸ்கீ வகைத் துடுப்புப் படகை நம்பி வாங்கலாம். இதைவிட ஒடுக்கமான, இதைவிட விரைவான படகுகள் பல இருக்கின்றன. அவற்றில் இரண்டை ஆற்றிலும் கடலிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை வாங்கினேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் எங்கள் துடுப்புக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர், திருச்சிக்காரர், பொறியாளர், அண்மையில் கேட்டார்: “அக்கா, இருப்பதிலேயே வேகமான ஸ்கீ எது? அதையே வாங்கிவிடுகிறேன்.” கரையில் நின்றபடி நான் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை. அவர் படித்திருந்த விமர்சனங்களும் அவருக்கு உதவவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் எண்பது, தொண்ணூறு கிலோ எடையுள்ள, சிறு வயதிலிருந்தே கடலில் வளர்ந்த ஆண்கள். நான் 57 கிலோ எடையுள்ள பெண். ஐம்பதை நெருங்கும் வயதில்தான் துடுப்பைக் கையில் எடுத்தேன். மருத்துவமனையில் ஷிப்ட் வேலை. விடியற்காலை கிடைத்தால் ஆறு, கோடையில் மாலை கிடைத்தால் கடல். என்னைப் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சர்ஃப் ஸ்கீயைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். ஆறு மீட்டர் நீளம், ஏறத்தாழ அரை மீட்டர் அகலம். கட்டுமரத்தைப் போல இதிலும் மேலேதான் உட்காருகிறோம். அலை ஏறி அடித்தாலும் தண்ணீர் தங்குவதில்லை. உட்காரும் இடத்தில் ஒரு குழி, கால் நீட்ட இன்னொரு குழி, பாதத்தின் கீழ் சுக்கானைத் திருப்பும் மிதிகள், அவ்வளவுதான். கவிழ்ந்தால் படகின் உள்ளே தண்ணீர் நிறையாது; திருப்பிப் போட்டு ஏறி உட்கார்ந்து பயணத்தைத் தொடரலாம். 1912இல் நியூ சவுத் வேல்ஸில் போர்ட் மக்வாரிக்கு அருகே, இன்னஸ் ஏரியில் சிப்பி வளர்த்த மக்லாரன் சகோதரர்கள் இதன் ஆரம்ப வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். ஆக, கடல் அலைக்குப் பெயர் பெற்ற இந்தப் படகு முதலில் மிதந்தது ஓர் ஏரியில். பிறகுதான் கடற்கரை உயிர்காப்பாளர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஹவாயிலும் இது பெரிய பந்தய விளையாட்டாக வளர்ந்தது.

எபிக் நிறுவனத்தின் தொடக்கத்தில் இருந்த இருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் கிரெக் பார்ட்டன். 1988 சியோல் ஒலிம்பிக்கில் கயாக் போட்டிகளில் இரண்டு தங்கம் வென்ற அமெரிக்கர்; அவருடைய களம் அசைவற்ற நீர். மற்றவர் தென்னாப்பிரிக்கரான ஆஸ்கர் சலுப்ஸ்கி. ஹவாயில் மொலொகாய் தீவிலிருந்து ஓவாஹு தீவுக்குக் கடலைக் கடக்கும் போட்டியைப் பன்னிரண்டு முறை வென்றவர். கடைசி வெற்றி 2012இல், அவருக்கு 49 வயதானபோது. பின்னாளில் அவர் போர்ச்சுகலின் நெலோ நிறுவனத்தோடு சேர்ந்துகொண்டார் என்றாலும், ஆற்றுக்காரரும் கடல்காரரும் சேர்ந்து தொடங்கி வைத்த வரிசையில் வந்த படகு இது. சலுப்ஸ்கி திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஆடாமல் உட்காரப் பழகு, திறமையெல்லாம் அதன் பிறகு. கடலில் இத்தனை வெற்றி பெற்றவர் இதைச் சொல்கிறார் என்பதே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

எந்தப் படகு என்று கேட்பதற்கு முன்னால் எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும். எனக்குக் கிடைத்திருப்பது இரண்டு தண்ணீர். ஸ்வான் ஆற்றில் மட்டில்டா விரிகுடா, காற்று எழாத காலைப்பொழுதில், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடக்கும். அங்கிருந்து நாரோஸ் பாலத்தை நோக்கிப் போய்த் திரும்பினால் எந்த மெலிந்த படகும் அருமையாகத்தான் தோன்றும். அதே ஆற்றில் கீழே பிளாக்வால் ரீச் என்ற இடத்தில் சுண்ணாம்புக்கல் பாறை சுவராக நின்று நேரே தண்ணீருக்குள் இறங்குகிறது. ராட்னெஸ்ட் தீவுக்குப் போகும் பயணிகள் படகுகளும் வாரயிறுதி மோட்டார் படகுகளும் கிளப்பிவிடும் அலை அந்தச் சுவரில் மோதித் திரும்பும். வரும் அலையும் திரும்பும் அலையும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் குதிக்கும். ஆறு என்றால் அமைதி என்று நினைப்பவர்கள் ஒரு சனிக்கிழமை காலை அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று கடல். கோடையில் நண்பகல் தாண்டியதும் தென்மேற்கிலிருந்து கடற்காற்று எழுகிறது. நகரத்தின் வெக்கையைத் தணித்து வைப்பதால் அதற்கு ‘ஃப்ரீமாண்டில் டாக்டர்’ என்று பெயர். யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு அது சோளகம்தான். 20 நாட் வேகத்தை, அதாவது மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டரை, அது தொடுவது இங்கே சாதாரணம். லெய்ட்டன் கடற்கரையில் இறங்கி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, காட்டஸ்லோவைத் தாண்டி வடக்கே சிட்டி பீச் வரை சுமார் 10 கிலோமீட்டர் ஓடுவது எங்கள் குழுவின் விருப்பமான வழி. ராட்னெஸ்டிலிருந்து சொரெண்டோ வரை 27 கிலோமீட்டர் நடக்கும் ‘தி டாக்டர்’ போட்டிக்கு உலகின் முதல்தர வீரர்கள் வருவதும் இந்தக் காற்றுக்காகத்தான். ராட்னெஸ்ட், கார்டன் தீவுகளும் கடலடிப் பாறைத் திட்டுகளும் இந்துப் பெருங்கடலின் நீண்ட அலைகளைப் பெருமளவு தடுத்துவிடுகின்றன. எஞ்சி நம்மிடம் வந்து சேர்வது காற்று கிளப்பும் குட்டையான, செங்குத்தான, நெருக்கமான அலை. நீளமான படகின் மூக்கு அதில் குத்திக்கொள்ளும். பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒரு முறை வரும் பெரிய அலைகளுக்காக எழுதப்பட்ட அறிவுரை இங்கே அப்படியே செல்லாது.

அலையோடு ஓடுவதில் உள்ள கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன். படகைத் தேர்ந்தெடுக்க இதுதான் எனக்குத் தெளிவு தந்தது. ஆழமான நீரில், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணி, அதை 1.56ஆல் பெருக்கினால், அலை விநாடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பது கிடைக்கும். நான்கு விநாடி அலை என்றால் மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர். நான் அசைவற்ற நீரில் மணிக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் ஓடுகிறவள். அலை என்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகம். அதைப் பிடிக்க ஒரே வழி, அது படகின் பின்பகுதியைத் தூக்கி மூக்கைத் தாழ்த்தும் அந்தக் கணத்தில் நான்கைந்து முறை முழு பலத்தோடு துடுப்பு போடுவது. அந்த நான்கைந்து இழுப்புகளும் சுத்தமாக விழுந்தால் மீதி வேலையை அலை பார்த்துக்கொள்ளும். ஆனால் படகு இடுப்பின் கீழ் ஆடிக்கொண்டிருந்தால் அந்த இழுப்பு வராது. தண்ணீரை இழுக்க வேண்டிய துடுப்பு, தண்ணீர்மேல் ஊன்றிக்கொள்ளும் கோலாகிவிடும். பந்தயப் படகுகளின் வேகம் அவற்றின் வடிவத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த வேகத்தை வெளியே எடுக்க வேண்டியது நம் இடுப்பும் தோளும்.

இனி அளவுகள். எபிக் வி8, நீளம் சுமார் 5.5 மீட்டர், அகலம் 56 செண்டிமீட்டர். வி8 ப்ரோ 5.8 மீட்டர், 51 செண்டிமீட்டர். வி10 ஸ்போர்ட் 6.1 மீட்டர், 48 செண்டிமீட்டருக்குச் சற்று மேல். வி10 அதே நீள வகுப்பில் 45 செண்டிமீட்டர் அளவு. எண்களாகப் பார்த்தால் ஒவ்வொரு படிக்கும் இரண்டரை முதல் ஐந்து செண்டிமீட்டர்தான் வித்தியாசம். உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொரு செண்டிமீட்டரும் தெரிகிறது. படகின் மொத்த அகலத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. தண்ணீர் மட்டத்தில் எவ்வளவு அகலம், அடிப்பகுதி எவ்வளவு உருண்டையானது, இருக்கை எவ்வளவு தாழ்வானது, இந்த மூன்றும் சேர்ந்துதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன. உருண்டையான அடிப்பகுதி தண்ணீரோடு உரசும் பரப்பைக் குறைக்கிறது, அதனால் வேகம். அதே உருண்டைதான் படகைச் சுழலவும் விடுகிறது.

என்னிடம் குழுவின் வி8 நெடுநாள் இருந்தது. நல்ல படகு. புதிதாகத் தொடங்கும் யாருக்கும் இன்றும் அதைத்தான் சொல்வேன். அதில் உட்கார்ந்துகொண்டு சாண்ட்விச் சாப்பிடலாம், படம் எடுக்கலாம், கவலையில்லை. ஆனால் ஒரு வேகத்துக்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் மணிக்கட்டில் உள்ள கடிகாரத்தில் எண் நகர்வதில்லை. அத்தனை அகலத்துக்கு அதுதான் எல்லை. அந்த எல்லையில் நான் தொடர்ந்து முட்டத் தொடங்கியபோதுதான் அடுத்த படகைத் தேடினேன்.

வி8 ப்ரோவையும் வி10 ஸ்போர்ட்டையும் வி10ஐயும் குழுவில் உள்ளவர்களிடம் இரவல் வாங்கி, ஒரே துடுப்பு, ஒரே வழி, இதயத் துடிப்பை ஒரே அளவில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். மட்டில்டா விரிகுடாவின் அசைவற்ற நீரில் வி8இலிருந்து ப்ரோவுக்கு மாறியதும் மணிக்கு அரைக் கிலோமீட்டர் அளவு கூடியது. கேட்கச் சிறிது, ஒரு மணி நேரம் ஓடினால் அரைக் கிலோமீட்டர் முன்னால் நிற்பீர்கள். ப்ரோவிலிருந்து வி10 ஸ்போர்ட்டுக்குப் போனபோது கிடைத்தது அதைவிட மிகக் குறைவு. வி10 அமைதி நீரில் அழகான படகு. ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் இடையே அது வழுக்கிப் போகும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சவுத் பெர்த் பக்கமிருந்து ஏதோ ஒரு படகின் அலை பக்கவாட்டில் வந்து சேரும் வரை.

பிளாக்வால் ரீச்சில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. வி10இல் எனக்கு மூச்சே குறைந்தது. எங்கள் குழுவில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார், இளமையில் உயிர்காப்பாளராக இருந்தவர். பக்கத்தில் வந்துகொண்டிருந்தவர் என் கையைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தார். “உங்கள் தோள் காதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அது இறங்கும் படகை வாங்குங்கள்” என்றார். இதைவிடச் சுருக்கமான, இதைவிடப் பயனுள்ள அளவுகோலை நான் எங்கும் படித்ததில்லை. வி8 ப்ரோவில் அதே இடத்தில், அதே குழப்பமான நீரில், தோள் இறங்கியிருந்தது. முதல் சில நிமிடங்கள் படகு இடதும் வலதுமாக இலேசாகத் துடிக்கும். கொஞ்சம் சாய்ந்தால் ஓர் இடத்தில் பிடித்து நிறுத்திக்கொள்ளும். அந்தப் பிடிமானம் எங்கே வருகிறது என்று உடல் அறிந்துகொண்ட பிறகு துடிப்பை மனம் கவனிப்பதை விட்டுவிடுகிறது. நேராக உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு ஆடுகிறது என்பதைவிட, சாய்ந்தபோது எவ்வளவு தாங்குகிறது என்பதே கடலில் காப்பாற்றும் குணம்.

லெய்ட்டனிலிருந்து சிட்டி பீச் வரை சோளகத்தோடு ஓடியபோது, மூன்றில் ப்ரோதான் எனக்கு வேகமான படகாக இருந்தது. அது ஏன் என்பதற்கு மேலே சொன்ன கணக்குதான் விடை. வி10 ஸ்போர்ட்டில் அலை தூக்கும்போது பாதி நேரம் இழுத்தேன், பாதி நேரம் ஊன்றினேன். ப்ரோவில் தூக்கிய ஒவ்வோர் அலைக்கும் இழுக்க முடிந்தது. ஓர் அலையிலிருந்து இறங்கியதும் எதிரே இருக்கும் முகட்டில் ஏற முயலாமல், பக்கத்தில் எங்கே பள்ளம் விழுகிறது என்று தேடி அங்கே மூக்கைத் திருப்ப வேண்டும். அதைத் தேடக் கண்கள் அலைய வேண்டும், தலை திரும்ப வேண்டும். படகு ஆடுமோ என்ற பயத்தில் மூக்கின் நுனியையே வெறித்துக்கொண்டிருப்பவருக்குப் பள்ளம் தெரிவதில்லை. 5.8 மீட்டர் நீளம் எங்கள் குட்டை அலைகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. முன்பகுதியில் மிதப்பு இருப்பதால் மூக்கு எதிர் அலையில் புதைந்தாலும் சீக்கிரம் எழுந்துவிடுகிறது.

படகை இரவல் வாங்கி ஓட்டிப் பார்க்கிறவர்கள் வேகத்தை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் செய்து பார்த்த மற்றவற்றைச் சொல்கிறேன். அலையுள்ள இடத்தில் துடுப்பு போடுவதை நிறுத்திவிட்டு அப்படியே உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். வலது தோள் வழியாகவும் இடது தோள் வழியாகவும் முழுதாகத் திரும்பிப் பின்னால் பாருங்கள். பிறகு வேண்டுமென்றே கவிழ்ந்து, படகை நேராக்கி, வயிற்றைக் குறுக்கே கிடத்தி ஏறி, புரண்டு இருக்கையில் உட்கார்ந்து, இரு கால்களையும் வெளியே தொங்கவிட்டு நிதானித்து, உள்ளே எடுத்து ஓடத் தொடங்குங்கள். களைத்திருக்கும்போது, காற்றில், இதைச் செய்ய முடிகிறதா என்பதுதான் கேள்வி. வி10இல் என்னால் ஏற முடிந்தது. ஏறியதும் நிலைக்கும் முன் மறுபடி விழுந்தேன். ப்ரோவில் ஏறினால் அப்படியே கிளம்பிவிடலாம். தனியாகக் கடலுக்குப் போகும் பெண்ணுக்கு இந்த வித்தியாசம் வேறு எல்லா அளவுகளையும்விடப் பெரியது.

ஒரு கடையில், பெயர் வேண்டாம், விற்பனையாளர் வி10 வகையைச் சேர்ந்த ஒன்றைத்தான் வாங்கச் சொன்னார். “ஆறு மாதத்தில் பழகிவிடும், பிறகு மறுபடி படகு மாற்ற வேண்டியதில்லை” என்றார். இளைஞராக, வாரத்தில் ஐந்து நாள் தண்ணீரில் இருப்பவராக இருந்தால் பழகக்கூடும். வாரத்துக்கு இரண்டு முறை, அதுவும் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு அந்த ஆறு மாதம் வந்து சேர்வதே இல்லை. ஆட்டம் தாங்காமல் கடலையே விட்டுவிட்டு, ஒடுங்கிய படகைக் கார் கொட்டகையில் மாட்டிவைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் திறமை குறைவு என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. கையில் கிடைத்த தவறான படகு ஒரு நல்ல விளையாட்டை அவர்களிடமிருந்து பறித்துவிட்டது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

உடல் சிறியவர்களுக்குச் சில குறிப்புகள். இருக்கைக் குழி எனக்குக் கொஞ்சம் அகலம். இடுப்பின் இருபுறமும் மெல்லிய நுரைத் திண்டு ஒட்டியதும் படகு உடலோடு சேர்ந்து அசையத் தொடங்கியது. பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும், அடியில் வேண்டாம். இருக்கையை ஒரு செண்டிமீட்டர் உயர்த்தினாலே ஆட்டம் கூடுவது தெரியும். உயரமாக உட்கார்ந்தால் இழுப்பு நன்றாக வரும் என்று யாராவது சொன்னால் முதல் வருடம் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கால்பலகையை நகர்த்தி நம் கால் நீளத்துக்குப் பொருத்துவது எளிது, தண்ணீரிலேயே செய்யலாம். முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்கும் அந்தப் பக்கக் கால் பலகையை உதைக்க வேண்டும். கால் எட்டாத படகில் எவ்வளவு வலிமையான கையும் பயனில்லை.

எடை குறைந்தவர் உட்கார்ந்தால் படகு நீருக்கு மேலே அதிகம் தெரியும். அதனால் பக்கக் காற்று மூக்கைத் தள்ளும். 57 கிலோவுக்கு எல்லா ஸ்கீயிலும் இது உண்டு, வி8 ப்ரோவிலும் உண்டு. கடலுக்குப் பெரிய சுக்கான் பூட்டிய பிறகு எனக்கு இது தொல்லையாக இல்லை. சுக்கானைப் பற்றி இதுவரை பேசாதது தவறு, ஏனென்றால் ஒரே படகை இரண்டு நீருக்கும் பயன்படுத்த வழிவிடுவதே அதுதான். படகின் அடியில் பூட்டும் சுக்கானைக் கழற்றி மாற்றலாம். ஸ்வான் ஆற்றில் பெலிக்கன் பாயிண்ட் பக்கம் மணல்திட்டு, வேறு சில இடங்களில் நீர்ப்பாசி. அங்கே பின்னோக்கிச் சாய்ந்த சிறிய சுக்கான் போட்டால் பாசி சுற்றாமல் வழுக்கிப் போகும், மணலிலும் சிக்காது. அதையே கடலுக்குப் பூட்டிச் சென்றால், அலையில் இறங்கும்போது பின்பகுதி பக்கவாட்டில் சுழற்றிக்கொண்டு போய்விடும். ஆழமான, பெரிய சுக்கான் கடலில் கவிழ்வதையே குறைக்கிறது. இரண்டையும் படகோடு சேர்த்தே வாங்குங்கள்.

காலடியில் தண்ணீரை வெளியேற்றும் துளை ஒன்று உண்டு. படகு ஓடும் வேகத்தில் அது நீரை உறிஞ்சி வெளியே தள்ளும். நின்றால் அதே வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். ஆற்றில் அதை மூடிவிட்டு ஓடுங்கள், இழுவை குறையும். கடலில் திறந்தே இருக்கட்டும்.

யாருக்கு இந்தப் படகு வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். அமைதி நீரில் மட்டும், நேரத்தோடு போட்டி போட்டு ஓடுகிறவர்களுக்கு 51 செண்டிமீட்டர் அதிகம். அவர்கள் வி10 ஸ்போர்ட்டிலிருந்து தொடங்கலாம். ஒடுங்கிய பந்தயக் கயாக்கில் ஏற்கெனவே பழகிய உடல் உள்ளவர்களுக்கும் அப்படியே. துடுப்பையே இன்னும் பிடிக்காதவர்கள் நேரே ப்ரோவுக்கு வர வேண்டியதில்லை. ஒரு கோடை வி8 போன்ற அகலமான படகில் ஓடட்டும். திருச்சித் தம்பிக்கு நான் கொடுத்திருப்பது குழுவின் அந்த வி8தான். மற்ற நிறுவனங்களும் இந்த வகுப்பில் நல்ல படகு செய்கின்றன: தென்னாப்பிரிக்காவின் ஃபென்னில் புளூஃபின், ஸ்டெல்லரில் எஸ்ஆர். உங்கள் ஊரில் எது இரவல் கிடைக்கிறதோ அதில் ஏறுங்கள். ஐந்தரை முதல் ஆறு மீட்டர் நீளம், ஐம்பது செண்டிமீட்டரை ஒட்டிய அகலம் என்று தேடினால் சரியான இடத்தில் நிற்பீர்கள். ஏறிப் பார்க்கும்போது உங்கள் தண்ணீரிலேயே மோசமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். காலை ஆறு மணிக்கு எல்லாப் படகும் நல்ல படகுதான்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. உயிர்காப்பு மேலங்கி, காலுக்கும் படகுக்கும் இடையே கயிறு, நீர் புகாத உறையில் தொலைபேசி, இவை இல்லாமல் கடலில் கால் வைப்பதில்லை. அந்தக் கயிறு முக்கியம். 20 நாட் காற்றில் ஆளில்லாத ஸ்கீ எந்த நீச்சல்காரரையும்விட வேகமாக ஓடிவிடும். மேற்கு ஆஸ்திரேலிய அரசின் ஷார்க்ஸ்மார்ட் என்ற சுறா எச்சரிக்கை அறிவிப்பைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

விலையில் பெரிய கேள்வி, கண்ணாடியிழையா கார்பனா என்பது. கண்ணாடியிழையில் செய்தது ஏறத்தாழ 18 கிலோ, கார்பன் கலந்த உயர்ந்த வகை 13 கிலோவுக்குள். தண்ணீரில் அந்த ஐந்து கிலோ எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. லெய்ட்டன் கார் நிறுத்துமிடத்திலிருந்து மணல்வரை காற்றில் சுமக்கும்போதும், தனியாகக் காரின் கூரைமேல் ஏற்றும்போதும் நன்றாகத் தெரிகிறது. தோளில் வலி உள்ளவர்கள், ஏற்றி இறக்க ஆள் இல்லாதவர்கள் கார்பனுக்கே செலவழிக்கலாம், அது வீண் செலவல்ல. எனக்குக் கூரையில் ஏற்ற மகன் இருக்கிறான். அதனால் கண்ணாடியிழையை எடுத்தேன். கரையில் வந்து அலை அடித்துப் போட்டாலும் அது கொஞ்சம் முரட்டுத்தனத்தைத் தாங்கும், கீறினால் சரிசெய்வதும் எளிது.

மிச்சம் பிடித்த பணத்தில் நீளம் மாற்றக்கூடிய, இறக்கை வடிவத் துடுப்பு ஒன்று வாங்கினேன். அதன் அலகு, அதாவது தண்ணீரை இழுக்கும் தட்டு, கடையில் இருந்ததிலேயே சிறியது. நீளம் ஆற்றில் 210 செண்டிமீட்டர், கடலில் அதைவிட இரண்டு மூன்று குறைத்துப் பிடிக்கிறேன். பெரிய அலகு வாங்கச் சொல்லி வற்புறுத்துகிறவர்கள் இருப்பார்கள். 57 கிலோ உடம்புக்கு, அலை தூக்கும் கணத்தில் கை வேகமாகச் சுழல வேண்டும், அதற்குச் சிறிய அலகுதான் ஒத்துவருகிறது.